கொள்ளையர் கைக்கு எட்டாத பிரதி

வீட்டில் திருடன் புகுந்தால் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்பதே நாம் காலங்காலமாக அறிந்த செய்தி. இந்தக் காலத்தில் வேறொரு வகைத் திருட்டு வழக்கத்துக்கு வந்திருக்கிறது. இந்தத் திருடன் பொருளைத் தூக்கிச் செல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் ஒரு பூட்டைப் போட்டு, "சாவி வேண்டுமானால் பணம் கொடு" என்று ஒரு சீட்டும் எழுதி வைத்துவிடுகிறான். பொருள் கண்ணெதிரே கிடக்கும்; ஆனால் ஒன்றுக்கும் உதவாது. கணினியில் உள்ள கோப்புகளுக்கு இவ்வாறு பூட்டுப் போடும் நிரலுக்கு ரான்சம்வேர் என்று பெயர். தமிழில் அதைப் பணயக் கொள்ளை நிரல் எனலாம். அதனிடமிருந்து நம் வீட்டுக் கோப்புகளை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

"பெரிய கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் உள்ள கவலை இது, நமக்கு என்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். சொந்த ஊரை விட்டு வந்து டில்லியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கவலை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். கரோல் பாகிலிருந்து ராமகிருஷ்ணபுரத்துக்கும், அங்கிருந்து மயூர் விஹாருக்கும், துவாரகைக்கும் என்று வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் நாம் சாமான்களைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். தகரப் பெட்டியில் கட்டிவைத்திருந்த காகிதங்கள் இப்போது மடிக்கணினிக்குள் போய்விட்டன. ஊரில் உள்ள நிலத்தின் பட்டா, வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், ஓய்வூதிய உத்தரவு எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றில் பலவற்றைத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாவது மறுபடியும் பெற்றுவிடலாம். ஆனால் வேறு சிலவும் அதே பெட்டியில் இருக்கின்றன. விற்றுவிட்ட ஊர் வீட்டின் திண்ணை, காலஞ்சென்ற தாயார் பேரனுக்குப் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, தந்தையார் கைப்பட எழுதிய கடிதங்களின் படம் ஆகியவற்றுக்கு மாற்றுப் பிரதி தரக்கூடிய அலுவலகம் எந்த ஊரிலும் இல்லை. கொள்ளையன் இதை நன்றாக அறிந்திருக்கிறான். சந்தையில் விலை போகாத பொருளுக்கும், அதன் சொந்தக்காரர் மட்டும் என்ன விலையும் கொடுப்பார் என்பதே அவனுடைய வியாபாரத்தின் அடிப்படை.

இந்தப் பூட்டு எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியில் உள்ள படமும் பாட்டும் கடிதமும் உண்மையில் எண்களின் வரிசைகளே. அந்த வரிசையை ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு குழப்பிவிட்டால், அதே எண்ணைக் கொண்டுதான் மீண்டும் நேராக்க முடியும். அந்த ரகசிய எண்ணே சாவி. இன்று வழக்கத்தில் உள்ள முறைகளில், இருக்கக்கூடிய சாவிகளின் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடலாம் என்பது உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றுசேர்த்தாலும் நடக்காத காரியம்.

ஆனால் பூட்டும் நிரல் நம் கணினியில்தானே வேலை செய்கிறது? அது கொண்டுவந்த சாவியை அங்கேயே கண்டுபிடிக்க முடியாதா? தொடக்கத்தில் அது முடிந்தது. 1989 டிசம்பரில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல்கள் அடங்கியது என்று சொல்லி, ஏறத்தாழ 20,000 பிளாப்பி வட்டுக்கள் பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. வட்டைப் போட்ட கணினி பல முறை இயக்கப்பட்ட பிறகு, அதில் இருந்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் குழம்பிவிட்டன. பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு 189 டாலர் அனுப்பும்படி திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இதுவே இவ்வகைக் கொள்ளையின் முதல் உதாரணம். இந்த நிரலில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவிதான். ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டறிந்து விரைவிலேயே மாற்று மருந்து கொடுத்துவிட்டார்கள்.

பின்னர் வந்தவர்கள் அந்தக் குறையை நீக்கிவிட்டார்கள். தெருவில் உள்ள தபால் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அதில் யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். வெளியே எடுக்கத் தபால்காரரிடம் உள்ள சாவி வேண்டும். கணிதத்தில் இத்தகைய பூட்டு 1970-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. வங்கிப் பரிமாற்றங்கள் பத்திரமாக நடப்பதும் அதனால்தான். அந்த நல்ல கருவியைக் கெட்ட காரியத்துக்கும் பயன்படுத்த முடியும் என்று 1996-இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னபடியே நடந்தது. இன்றைய நிரல் நம் கோப்புகளைப் பூட்டியவுடன், பூட்டிய சாவியை அந்தத் தபால் பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. பெட்டி நம்மிடம் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவியோ கடல் கடந்து எங்கோ இருக்கிறது. 2013-இல் கிரிப்டோலாக்கர் என்ற நிரல் இந்த முறையுடன், பெறுபவரை எளிதில் அடையாளம் காண முடியாத பிட்காயின் நாணயத்தையும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு இந்தத் தொழில் பெருகிவிட்டது.

நம் நகரத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1956-இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை, எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்ற பெயரில் நாம் எல்லோரும் அறிவோம். ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் உறவினருக்காக அதன் வாசலில் விடியற்காலையில் வரிசையில் நின்றவர் நம்மில் பலர் இருப்பார்கள். 2022 நவம்பர் 23-ஆம் தேதி காலையில் அங்கே இ-ஹாஸ்பிடல் என்ற கணினி அமைப்பு நின்றுவிட்டது. நோயாளிகளைப் பதிவு செய்வது, சேர்ப்பது, வீட்டுக்கு அனுப்புவது, இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தெரிவிப்பது எல்லாம் அதன் வழியாகவே நடந்துவந்தன. அன்று முதல் பேனாவும் காகிதமும் மீண்டும் வந்தன. டாக்டர்களும் நர்ஸுகளும் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து வேலையை நடத்தினார்கள். 200 கோடி ரூபாய் கேட்கப்பட்டதாகச் செய்திகள் பரவின. அத்தகைய கோரிக்கை எதுவும் தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று டில்லிப் போலீஸார் மறுத்தார்கள்.

பாராளுமன்றத்தில் அரசாங்கம் பின்னர் அளித்த பதில்களில் நமக்கு வேண்டிய விவரங்கள் இருக்கின்றன. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தகவல்கள் பூட்டப்பட்டன. வலையமைப்பு சரியான தடுப்புகளுடன் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்தது தாக்குதலுக்கு இடம் கொடுத்தது. பாதிக்கப்படாமல் இருந்த ஒரு காப்புச் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தகவல்கள் முழுவதும் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. இரண்டு வார காலத்துக்குப் பின் பெரும்பாலான வேலைகள் பழையபடி நடக்கத் தொடங்கின.

இந்தப் பதிலில் இரண்டு செய்திகள் நமக்கு உரியவை. முதலாவது, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை மீட்டது சாவி அன்று. பூட்டை உடைத்த வல்லுநர் எவரும் இல்லை. வேறொரு பிரதி இருந்தது, அந்தப் பிரதியைக் கொள்ளை நிரல் தொடவில்லை என்பதே மீட்சிக்குக் காரணம். இரண்டாவது, அங்கே பூட்டப்பட்ட 1.3 டெராபைட் என்பது, இன்று நேரு பிளேஸ் கடைகளில் விற்கும் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும் அளவுதான். அது உள்ளங்கையில் அடங்கக்கூடிய பெட்டி. ஆகவே நம் வீட்டுக் கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது நம் சக்திக்கு மேற்பட்ட காரியம் அன்று.

பிரதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதற்கு மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் கம்பெனியின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2017 ஜூன் 27-ஆம் தேதி நாட்பெட்யா என்ற நிரல் உலகெங்கும் அந்தக் கம்பெனியின் கணினிகளை முடக்கியது. நம் நாட்டில் மும்பைக்கு அருகிலுள்ள நவாசேவாத் துறைமுகத்தில், அந்தக் குழுமத்தின் முனையத்திலும் வேலை நின்றது. அக்கம்பெனியின் வலையமைப்பில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற விவரங்களைத் தாங்கி நின்ற சர்வர்கள் ஏறத்தாழ 150 இருந்தன. அவை ஒன்றுக்கொன்று பிரதியாகவே அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. ஆனால் அவை எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தபடியால் எல்லாம் ஒருசேர அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அது தப்பியதற்குக் காரணம், தாக்குதலுக்குச் சற்று முன்பு அந்த ஊரில் மின்சாரம் தடைப்பட்டு அந்தச் சர்வர் வலையமைப்பிலிருந்து அறுபட்டுப் போனதே! அதிலிருந்த தகவலைக் கானாவிலிருந்து ஒருவர் நைஜீரியாவுக்குக் கொண்டுவர, அங்கே விமான நிலையத்தில் மற்றொருவர் பெற்றுக்கொண்டு இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அதைக் கொண்டே உலகளாவிய அந்தக் கம்பெனி தன் அமைப்பை மீண்டும் கட்டி எழுப்பியது.

நூற்றைம்பது பிரதிகள் செய்யாத உதவியைத் தொடர்பு அறுந்து கிடந்த ஒரே பிரதி செய்தது. கணினியுடன் எந்நேரமும் இணைந்திருக்கும் பிரதி, இந்தக் கொள்ளையைப் பொறுத்தவரை பிரதியே அன்று. கொள்ளை நிரல் ஒரு கணினியில் நுழைந்தால், அதனோடு கம்பியால் இணைந்த ஹார்ட் டிஸ்க், செருகியிருக்கும் பென் டிரைவ், வீட்டு வலையமைப்பில் உள்ள சேமிப்புப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் தேடிப் பூட்டும். பழைய நிலைக்குத் திரும்புவதற்காகக் கணினி தானே எடுத்து வைக்கும் பதிவுகளையும் பெரும்பாலான நிரல்கள் அழித்துவிடுகின்றன. இணையத்தில் சேமித்து வைக்கும் மேகச் சேவைகளிலும் இதை மறந்துவிடக் கூடாது. கணினியில் ஒரு கோப்பு மாறினால் மேகத்திலும் அதை மாற்றிவிடுவதே அவற்றின் வேலை. கோப்பு பூட்டப்பட்டால், பூட்டிய கோப்பே மேலே போய்ச் சேரும். சில சேவைகள் பழைய பதிப்புகளை முப்பது நாள் வரையில் வைத்திருக்கின்றன. அது ஓர் உதவிதான். உங்கள் சேவையில் அந்த வசதி உண்டா என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எடுத்தலும் அதைப் பல ஊர்களில் வைத்தலும் தமிழருக்குப் புதியவை அல்ல. பனை ஏடு சில நூறு ஆண்டுகளில் செல்லுக்கு இரையாகிவிடும். எழுத்தாணி பிடித்தவர்கள் தலைமுறைதோறும் புதிய ஏட்டில் படி எடுத்ததனாலேயே பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஊர் ஊராகச் சென்று, மடங்களிலும் வீடுகளிலும் கிடைத்த பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடத்தை நிச்சயம் செய்தார். ஓர் ஏட்டில் சிதைந்த வரி மற்றோர் ஊரின் ஏட்டில் முழுமையாக இருந்தது. எந்த ஊரிலும் படி இல்லாதவை என்ன ஆயின? புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இன்று இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எத்தனை அறிஞர்கள் கூடினாலும் இல்லாத பிரதியிலிருந்து ஒரு வரியைக்கூட மீட்க முடியாது. ஏட்டுக்குப் பொருந்திய இந்த நியாயம் ஹார்ட் டிஸ்க்குக்கும் பொருந்தும்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம்மைப் போன்றவர்களுக்காக வகுத்த ஒரு சூத்திரம் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்பது அது. கோப்பு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். கணினியில் உள்ளது ஒன்று. வீட்டு அலமாரியில் கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க் மற்றொன்று. வேறு வீட்டிலோ மேகச் சேவையிலோ உள்ளது மூன்றாவது.

முதலில், எவற்றைக் காக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். கணினியில் உள்ள நிரல்களையும் சினிமாப் படங்களையும் மறுபடியும் பெறலாம். நீங்களே உண்டாக்கியவையும், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியவையும் ஒரே கோப்புறைக்குள் சேரட்டும். கைப்பேசியில் தங்கிவிட்ட படங்களையும் அதில் சேருங்கள்.

அடுத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சம்பள நாளோ, அமாவாசையோ, மறக்காத ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஒன்றில் பிரதி, அடுத்த மாதம் மற்றொன்றில் பிரதி. ஒரே டிஸ்க்கை வைத்திருப்பவர், கோப்புகள் பூட்டப்பட்டதை அறியாமல் அவற்றையே நல்ல பிரதியின்மேல் எழுதிவிடக்கூடும். இரண்டு இருந்தால் பழைய பிரதியாவது தப்பும். இணைப்பதற்கு முன் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் விநோதமாக மாறியிருந்தாலோ, அறியாத சீட்டு ஒன்று கோப்புறையில் கிடந்தாலோ டிஸ்க்கை இணைக்கவே வேண்டாம். பிரதி எடுத்து முடிந்தவுடன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்தபின் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டுவிடுவது, பூட்டிய வீட்டின் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போலாகும்.

இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை வேறு வீட்டில் வைப்பது நலம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களும் சான்றிதழ்களும் வீட்டோடு நனைந்து போயின. மாற்றுப் பிரதிகள் வழங்க அரசாங்கம் தனி முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. கொள்ளைக்கு வைத்த பாதுகாப்பு வெள்ளத்துக்கும் தீக்கும் உதவும். நமக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையாவது தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ ஊருக்குப் போகிறோம். ஒரு பிரதி நம்முடன் பிரயாணம் செய்து, தம்பி வீட்டு அலமாரியில் தங்கட்டும். அதில் ஆதாரும் வங்கி விவரங்களும் இருந்தால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் குடும்பத்தில் நம்பிக்கையான இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கோப்புகளை நாமே பூட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

பலர் மறந்துவிடும் காரியம் ஒன்று உண்டு. எடுத்த பிரதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த டிஸ்க்கை மற்றொரு கணினியில் இணைத்து, ஒரு படம், ஓர் ஒலிப்பதிவு, ஒரு பத்திரம் என்று பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணத்தைப் போன்றது.

பிரதி இருக்கிறது என்பதற்காக வாசலைத் திறந்து வைக்கலாகாது. கொள்ளை நிரல் பெரும்பாலும் நாமே திறந்துவிடும் கதவு வழியாகத்தான் வருகிறது. முதற்கதவு, காசு கொடுக்காமல் பெறும் திருட்டு மென்பொருள். 2018 முதல் பரவிய ஸ்டாப் என்ற நிரல் வகை வீட்டுக் கணினிகளையே மிகுதியாகத் தாக்கியது. விலையுள்ள மென்பொருளின் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் சிறு நிரல்களுக்குள் அது ஒளிந்து வந்தது. பெற்றவரிடம் 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி என்று சலுகையும் காட்டியது! சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதனிலும் பன்மடங்கு கேட்பவனிடம் அகப்பட்டவர் பலர்.

இரண்டாவது கதவு, மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இணைப்புகள். கூரியர் ரசீது, வருமான வரி நோட்டீஸ், மின்சாரக் கட்டணம் என்று நம்மைப் பதறவைக்கும் பெயரோடு அவை வரும். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துக்களே அதன் உண்மையான இனத்தைக் காட்டும். விண்டோஸ் கணினி வழக்கமாக அவற்றை மறைத்து வைக்கிறது. ஆதலால் நிரல் ஒன்று பி.டி.எஃப். வேடத்தில் வர முடிகிறது. அந்த எழுத்துக்களைக் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கதவு, புதுப்பிக்காத மென்பொருள். 2017 மே 12-ஆம் தேதி வானாகிரை என்ற நிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசப் போலீஸின் சில கணினிகளும் அகப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் பலர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மேலும், விண்டோஸில் கோப்புறைகளுக்குள் அனுமதியில்லாத நிரல் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ஒரு வசதி உண்டு. வழக்கமாக அது செயல்படாமல் இருக்கும். பாதுகாப்பு அமைப்புகளில் சென்று நாமே அதை இயக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால் என்ன செய்வது? உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். செருகியுள்ள டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். கொள்ளையன் விட்டுச்சென்ற சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ அருகில் உள்ள போலீஸ் நிலையத்திலோ புகார் கொடுங்கள். பணம் கைமாறியிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாதீர்கள். 2016 ஜூலையில் நெதர்லாந்துப் போலீஸாரும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்புக் கம்பெனிகளும் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கொள்ளையரிடமிருந்து கைப்பற்றப்பட்ட சாவிகளையும், அவர்கள் செய்த தவறுகளால் உடைந்த பூட்டுகளுக்கு உரிய கருவிகளையும் அது இலவசமாகத் தருகிறது. முன் சொன்ன ஸ்டாப் நிரலின் பழைய வகைகள் பலவற்றுக்கு 2019 அக்டோபரில் இலவசக் கருவி கிடைத்தது. பூட்டிய கோப்புகளை வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. கணினியை முழுவதும் துடைத்து, புதிதாக அமைத்த பின்னரே உங்கள் பிரதியை அதில் இணைக்க வேண்டும்.

பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நாட்பெட்யா நிரல் 300 டாலர் கேட்டது. ஆனால் கோப்புகளைத் திறக்கும் வழியே அதில் இல்லை. சீட்டு வெறும் வேடம். 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் கொலோனியல் என்ற எண்ணெய்க் குழாய்க் கம்பெனி 44 லட்சம் டாலர் கொடுத்துச் சாவியைப் பெற்றது. அந்தச் சாவி மிகவும் மெதுவாக வேலை செய்தபடியால், கம்பெனி தன்னிடம் இருந்த காப்புப் பிரதிகளையே நாட வேண்டியிருந்தது. பணம் கொடுத்தவனுக்கும் கடைசியில் பிரதியே கை கொடுத்தது. தவிர, நாம் கொடுக்கும் பணம் அடுத்த வீட்டைப் பூட்டுவதற்கான முதலாகிறது.

பிரதி செய்யாத ஓர் உதவியையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சில கொள்ளையர்கள் பூட்டுவதற்கு முன் கோப்புகளைத் தம்மிடம் நகலெடுத்துக்கொண்டு, "வெளியிட்டுவிடுவோம்" என்றும் மிரட்டுகிறார்கள். அதைப் பிரதியால் தடுக்க முடியாது. ஆகவே பிறர் பார்க்கக் கூடாத ஆவணங்களைத் தனியே கடவுச்சொல் போட்டு வைப்பதும், தேவையற்றவற்றை அழித்துவிடுவதும் நல்லது.

இவற்றையெல்லாம் கேட்டபின் எங்கிருந்து தொடங்குவது என்று மலைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். கணினியைத் திறந்து, எவை போனால் திரும்ப வரமாட்டா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தத் தாலாட்டையும் திண்ணைப் படத்தையும் முதலில் எடுத்து வையுங்கள். பட்டாவும் சான்றிதழும் அடுத்து வரட்டும். பிரதி எடுத்துக் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால், அன்றிரவு முதலே கொள்ளையன் கேட்கும் விலைக்கு உங்கள் வீட்டில் மதிப்பு இல்லை.